கல் வரிசையாக இருந்தது

மாஜிஸ்திரேட் ஐயா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். ஸ்டேஷனில் காட்டாதீர்கள். கோர்ட் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போகும் என் தகப்பனாரிடம் காட்டவே காட்டாதீர்கள். நாளை காலை என்னை உங்கள் முன் நிறுத்தும்போது நான் வேறு விதமாகச் சொல்லிவிடலாம். சொல்லிக் கொடுத்தது இப்போது வாயில் தானாக வருகிறது. அப்படிச் சொன்னால் அதை விட்டுவிட்டு இதை நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். முடிக்க முடியுமா என்று தெரியவில்லை. இதில் உள்ளவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். இதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். த. கஸ்தூரி.

என் பெயர் கஸ்தூரி. வயது பதினைந்து. தகப்பனார் பெயர் தங்கவேலு. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் உள்ள புழுங்கல் அரிசி மில்லின் காம்பவுண்டுக்குள், மேஸ்திரிக்கென்று கொடுத்த வீட்டில் நானும் என் தாய் தகப்பனாரும் குடியிருக்கிறோம். நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். எஸ்.ஐ. ஐயா எங்கள் வீட்டில் நாற்காலி போட்டு என் தகப்பனாரின் வாக்குமூலத்தை எழுதியபோது மோர் கொடுக்கப் போய்க் கதவருகே நின்று கேட்டேன். அதே மாதிரி எழுதுகிறேன்.

என் தகப்பனார் மில்லில் களத்து மேஸ்திரி. மில்லின் முதலாளி ராஜாராம் என்பவர். நெல் முதலில் தொட்டியில் ஊறும். பிறகு பாய்லர் ஆவியில் அவியும். பிறகு களத்தில் காயும். காய்ந்த பிறகுதான் மெஷினில் அரைபடும். அவிந்த நெல்லை அன்றைக்கே பரப்பிவிட வேண்டும், குவித்து வைத்தால் மறுநாள் நாற்றம் எடுத்து அரிசி மஞ்சளாகிவிடும். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைக்கும் பெண்களில் மூத்தவர் சிட்டம்மாள். அவரைத்தான் நீங்கள் சப் ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள்.

சென்ற தீபாவளிக்குப் பிறகு முதலாளியின் மாப்பிள்ளை தேவராஜன் என்பவர் மெட்ராஸிலிருந்து வந்து மில்லின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். அவர் நிர்வாகப் படிப்புப் படித்தவர். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எல்லோரும் அவரை மாப்பிள்ளை சார் என்று கூப்பிடுவோம். வந்த முதல் வாரம் முழுவதும் அவர் ஒன்றும் சொல்லாமல் களத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது சிட்டம்மாள் மற்றப் பெண்களிடம், "மாப்ள பொண்ணு பாக்க வந்தாரா நெல்லு பாக்க வந்தாரா? கண்ணு கொட்டாம பாக்குறாரே. புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா காபி கொடுத்து அனுப்பிடலாம்" என்று சொன்னார். மாப்பிள்ளை சாருக்கு அது கேட்டுவிட்டது. அவரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அதன் பிறகு முதலாளி பெரிய பாய்லர் ஒன்று வாங்கிப் போட்டார். முன்பு அவிந்ததைப் போல இரண்டு மடங்கு நெல் அவிந்தது. களம் மட்டும் பழைய களமாகவே இருந்தது. அவிந்த நெல் தொட்டிப் பக்கம் குவிந்து, ஒரு லோடு அரிசி பழுப்படித்துத் திரும்பி வந்துவிட்டது. அன்று நான் பள்ளி விட்டு வந்தபோது மாப்பிள்ளை சார் களத்தில் குந்திக்கொண்டு கரியால் நான்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வட்டம் சின்னது. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, "நாலு பேர் வரிசையா நின்னு குடம் கை மாத்துறாங்க. மூணாவது ஆள் மெதுவா வாங்கினா முதல் ஆள் எவ்வளவு வேகமா கொடுத்து என்ன பிரயோஜனம்? தண்ணி கீழதான் கொட்டும். களம்தான் நம்ம மூணாவது ஆள். மொத்த மில்லும் அந்த ஆளோட வேகத்துலதான் ஓடும். மாமா பாய்லரை வாங்கினதுக்குப் பதிலா களத்தைப் பெருசு பண்ணியிருக்கணும்" என்று சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர் நிலத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் அவர் சாலையைப் பார்த்தார்.

சாலையில் நெல் காயவைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அறுவடைக் காலத்தில் எல்லோரும் செய்வார்கள். சாலையின் ஒரு பாதியில் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க நடுவில் நீளமாகக் கல் வரிசை வைப்பார்கள். எங்கள் மில் எப்போதாவதுதான் அப்படிச் செய்யும். தை பிறந்ததிலிருந்து தினமும் செய்தோம். மில் கேட்டிலிருந்து மதகு வரைக்கும் நெல் பரப்பினார்கள். மதகுக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது.

மாலையில் நெல்லை வாரிய பிறகு கல்லை எல்லாம் எடுத்துப் புளியமரத்தடியில் போடுவது சிட்டம்மாளின் வேலை. கல்லை எடுத்து முடித்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். கையை வீசிக்கொண்டு, வெறுங்காலோடு, கல் இருந்த கோட்டிலேயே மதகு வரைக்கும் நடந்து திரும்பி வருவார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இருட்டுல ஒண்ணு ரெண்டு தங்கிப்பூடும் பாப்பா. அது நம்ம கால்ல இடிச்சா கட்டவெரலோட போவும். வண்டிக்காரன் கால்ல இடிக்கலாமா?" என்றார். அவர் வலது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் யோசித்துக்கொண்டே வந்தார். காலையில் கல்லை அடுக்குவதற்கும் மாலையில் எடுப்பதற்கும்தான் நேரம் அதிகம் போகிறது என்று தெரிந்தது. சிட்டம்மாள் மதகு வரை நடந்துவிட்டு வந்ததைக் காட்டி, "இது என்ன வேலை? கையில் ஒண்ணும் இல்லாம நடக்கிறது வேலையே இல்ல. இதுதான் வேஸ்ட். முதல்ல இதை எடு" என்று என் தகப்பனாரிடம் சொன்னார். அதன் பிறகு, கல் மறுநாளும் அதே இடத்தில்தான் இருக்கப் போகிறது என்பதால் கல்லை எடுக்கவே வேண்டாம், அந்த நேரத்தில் சிட்டம்மாள் மூட்டை தைக்கட்டும் என்று சொன்னார். வண்டி இடித்து நகர்ந்த கல்லைக் காலையில் சீக்கிரம் சரி செய்வதற்காகக் கல்லுக்கு நம்பர் போடச் சொன்னார். என் எழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே போடச் சொன்னார். நான் நீலப் பெயிண்டில் எல்லாக் கல்லிலும் நம்பர் எழுதினேன். அந்தந்தக் கல் இருக்க வேண்டிய இடத்தில் தார் ரோட்டிலும் அதே நம்பரை எழுதினேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் சீக்கிரம் முடிந்தது. முதலாளி என் தகப்பனாருக்குப் புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். என்னைக் காஞ்சிபுரத்தில் வணிகவியல் படிக்க வைக்கிறேன் என்று மாப்பிள்ளை சார் சொன்னார்.

சிட்டம்மாள் மட்டும் வேலை விட்டுப் போகும்போது தன் சொந்த நேரத்தில் கல்லைக் காலால் சாலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பழையபடி தள்ளி வைத்தார். இது என் தகப்பனாருக்குத் தெரியும். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

இவ்வளவு எழுதியபோது வெளியே லாரிச் சத்தம் கேட்டதால் விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தகப்பனார் இன்னும் மில்லில்தான் இருக்கிறார், லோடு ஏறுகிறது. தாயார் தூங்குகிறார். மறுபடி எழுதுகிறேன்.

மாசி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை மெட்ராஸ் லாரி வந்து நின்றது. நான் பள்ளி விட்டு வந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போய்விட்டது. பொழுதும் இறங்கிவிட்டது. மூட்டை தைத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் என் தகப்பனாரைப் பார்த்து, "மேஸ்திரி, கல்லு அப்பிடியே கீது. ஓரமா தள்ளிட்டு ஓடியாந்துடறேன்" என்று கேட்டார். என் தகப்பனார், "லாரி நிக்குது, மொதல்ல மூட்டய தை" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு மாப்பிள்ளை சார் டார்ச் லைட்டோடு வந்தார். சிட்டம்மாள் அவரிடமும் கேட்டார். அவர், "அந்த வேலையைத்தான் எடுத்தாச்சேம்மா. நாளைக்கு அதே இடத்துலதானே கல்லு வேணும்?" என்றார்.

"நாளிக்கு வேணும் சார். நடுவுல ஒரு ராத்திரி கீதே" என்று சிட்டம்மாள் சொன்னார்.

மாப்பிள்ளை சார் டார்ச் லைட்டை மூட்டைப் பக்கம் திருப்பினார். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

அதன் பிறகு சிட்டம்மாள் என்னிடம் மெதுவாக, "பாப்பா, வளைவாண்ட கீற கல்ல மட்டுமாச்சும் ஒதச்சி வுட்டுட்டு வாயேன்" என்றார். நான் கேட் வரை போய்விட்டேன். என் தகப்பனார் என் கையைப் பிடித்து இழுத்து வந்து, "ஏய், படிக்கிற பொண்ணு ரோட்டுல கல்லு பொறுக்குவியா? குந்துடி. மூட்டய எண்ணு" என்று சொன்னார். உட்கார்ந்து எண்ணினேன்.

மெஷின் நின்றிருந்ததால் சத்தம் நன்றாகக் கேட்டது. முதலில் கல் உருளும் சத்தம். பிறகு தகரம் இழுபடும் சத்தம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். வேதாசலம் என்பவரும் அவர் மனைவி உண்ணாமலை என்பவரும் பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். மொபெட் வளைவில் ஒரு கல்லின் மேல் ஏறி விழுந்து கிடந்தது. அந்த அம்மாள் மொபெட் பக்கத்தில் கிடந்தார். அவர் வீட்டுக்காரர் அங்கே இல்லை. நாலைந்து கல் தாண்டி, இன்னொரு கல்லின் மேல் தலை இருக்கும்படி கிடந்தார். வாரிய பிறகும் ரோட்டில் ஒட்டியிருந்த நெல்லின் மேல் கோயில் தேங்காய் மூடி இரண்டும் கவிழ்ந்து கிடந்தன. சிட்டம்மாள் அந்த அம்மாளின் தலையை மடியில் வைத்து முந்தானையால் கட்டினார். மெட்ராஸ் லாரியில் ஏற்றியிருந்த மூட்டையை இறக்கிவிட்டு, அதில் இரண்டு பேரையும் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிட்டம்மாளும் லாரியில் ஏறிக்கொண்டார். வேதாசலம் வழியிலேயே இறந்துவிட்டார். அந்த அம்மாளுக்கு நினைவு வந்தும் பேச்சு வரவில்லை என்று சொல்கிறார்கள்.

லாரி போன பிறகு முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. என் தகப்பனாரும் பாய்லர் ஆளும் கல்லை எல்லாம் எடுத்தார்கள். ஒரு கல்லை மட்டும் விட்டார்கள். அது தலை மோதிய கல். அதிலிருந்த நம்பரை என் தகப்பனார் அரிவாளால் சுரண்டி எடுத்து, மொபெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மற்றக் கல் எல்லாம் மில்லின் பின்னால் உமி மேட்டுக்குள் இருக்கின்றன. அவற்றைச் சுரண்ட நேரம் இருக்கவில்லை. சிட்டம்மாள் திரும்பி வந்தபோது போலீஸ் வந்துவிட்டது. ரோட்டில் ஒரு கல்தான் இருந்தது. அவர் அந்தக் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போலீஸ் சொன்னபடி ஜீப்பில் ஏறினார்.

ஒரு கல் என்றால் சிட்டம்மாள் எடுக்க மறந்த கல். வரிசை என்றால் மில் எடுக்கக்கூடாது என்று சொன்ன கல். எனக்குப் புரிந்தவரை இவ்வளவுதான் விஷயம். களத்துப் பெண்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதத்தில் களத்தை விட்டால் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

மறுநாள் காலையில் ரோட்டில் நான் எழுதிய நம்பர்களின் மேல் எல்லாம் கழிவு ஆயில் ஊற்றியிருந்தது. யாராவது கேட்டால் லாரி ஒழுகியது என்று சொல்லச் சொன்னார்கள். திங்கட்கிழமை நான் தூக்குச் சட்டியில் சோற்றுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் நனைத்த துணியை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் துடைத்துப் பார்த்தேன். கீழே நீல எழுத்து அப்படியே இருக்கிறது. யாரும் வருவதற்குள் புழுதியைத் தள்ளி மூடிவிட்டேன். அன்று மாலை என் தகப்பனார், "இன்னாடி, பையில மண்ணெண்ண நாத்தம்?" என்று கேட்டார். தாயார் வாங்கி வரச் சொன்னதாகச் சொன்னேன். அவர் தாயாரிடம் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் என் பையைத் திறந்து பார்க்கிறார். அதனால்தான் இந்தத் தாளைப் பையில் வைக்கப் போவதில்லை.

அதன் பிறகு, படிக்கிற பெண் சொன்னால் கோர்ட் நம்பும் என்று எஸ்.ஐ. ஐயா சொன்னார். மாப்பிள்ளை சார் மூன்று நாளாக மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முன்பு கணக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு தடவை முழுவதும் சொல்லுவேன். அவர் கேட்டுவிட்டு, "கரண்ட் போனது தேவையில்லை, எடுத்துடு. லாரி ஹாரன் எடுத்துடு. நீ கேட் வரைக்கும் போனதை எடுத்துடு" என்று ஒவ்வொன்றாக எடுப்பார். கடைசியில் மூன்று வாக்கியம்தான் மிஞ்சியது. கல்லை எடுக்கும்படி என் அப்பா சிட்டம்மாளிடம் சொன்னார். அவர் எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பினார். ரோட்டில் ஒரே ஒரு கல் இருந்தது. இதைத்தான் நாளை நான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நேற்று நான் மூன்றையும் தப்பில்லாமல் சொன்ன பிறகு, "சார், அந்தம்மா நடுவுல ஒரு ராத்திரி இருக்குன்னு சொன்னாங்களே, அதையும் எடுத்துடலாமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மோர் டம்ளரை எடுத்தார். அது வேட்டியில் கொட்டிவிட்டது. அவருடைய கடிகாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை.

என் தகப்பனாரை ஜெயிலில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. அவர் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை. நேற்று தாயார் தட்டை வைத்தபோது, "சிட்டம்மா பசங்க இன்னா துன்றாங்களோ" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நைனாவுக்கு இந்த வேலய வுட்டா வூடே இல்ல கஸ்தூரி. நீ மூணு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்று சொன்னார்.

நான் முக்கியமாக எழுத வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. இன்று மாலை தகப்பனார் லோடு ஏற்றப் போன பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. சாலைக்குப் போனேன். மூன்று நாளாக மறுபடியும் ரோட்டில் நெல் பரப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆர்டர் பாக்கி இருக்கிறது. ஆனால் கல்லை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிச் சாலை ஓரத்தில் விட்டுவிட்டு, சிட்டம்மாள் நடக்கிற மாதிரி வெறுங்காலோடு நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே காலில் இடித்தது. அடுத்து இன்னொன்று. நம்பர் இல்லாத புதுக் கல். ஆயில் ஊற்றிய கறையை அடையாளமாக வைத்து, அதன் மேலேயே வரிசையாக வைத்திருக்கிறார்கள். மதகு வளைவு வரைக்கும் இருக்கிறது. ஆள் இறந்த இடத்திலும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் எடுத்துப் புளியமரத்தடியில் போட்டுவிட்டேன். பெரியவற்றைத் தூக்க முடியாமல் உருட்டினேன். நடுவில் ஒரு பஸ் வந்தது, மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிறகு மதகு வரை வெறுங்கையோடு ஒரு தடவை நடந்து பார்த்தேன். ஒன்றும் இடிக்கவில்லை. பிறகு நெல்வயல் பக்கமாகச் சுற்றிக் கொல்லைப்புறத்தால் வீட்டுக்குள் வந்துவிட்டேன். இன்று ராத்திரி சாலை காலியாக இருக்கிறது. நாளைக்கு யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. அதனால் ஐயா, என்னைக் கேட்பதற்கு முன்னால் தயவுசெய்து யாரையாவது மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்து அங்கே அனுப்புங்கள். கேட்டிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒவ்வொரு கறைக்குக் கீழேயும் என் கையெழுத்து இருக்கும். உமி மேட்டைத் தோண்டினால்

கதவைத் தட்டுகிறார்கள். தகப்பனார்தான். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்கிறார். "கஸ்தூரி, உன் செருப்பு இன்னாத்துக்கு ரோட்டுல கீது?"